ராத்திரி ஃப்ரிட்ஜ், காலையில் நேரே ஓவன்: நார்டிக் வேர் 9க்கு 13 அலுமினிய ட்ரே

முட்டை, பால், பிரெட், சீஸ் எல்லாவற்றையும் முதல் நாள் ராத்திரியே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் எடுத்து ஓவனுக்குள் தள்ளினால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சுடச்சுடக் காலைச் சாப்பாடு தயார். அமெரிக்காவில் பல இடங்களிலும் எக் காசரோல் என்பார்கள். நாங்கள் இருக்கும் மினசோட்டாவில் எக் பேக். இந்த ஒரு பதார்த்தத்துக்காக வாங்கி, இன்று என் சமையலறையில் மிக அதிகமாகப் புழங்கும் சாமான் ஆகிவிட்ட ஒரு ட்ரேயைப் பற்றி எழுதுகிறேன். நார்டிக் வேர் கம்பெனியின் ‘நேச்சுரல்ஸ்’ வரிசையில் வரும் 9 இஞ்சுக்கு 13 இஞ்ச் அலுமினிய ட்ரே, பிளாஸ்டிக் மூடியோடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக் பேக்கை அப்போதே கலந்து அப்போதே சுடுகிறவர்களுக்குக் கண்ணாடிப் பாத்திரமே போதும். ராத்திரியே தயார் செய்து வைப்பவர்கள் கண்ணாடியை விட்டுவிட்டு இதை வாங்குங்கள்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்க வீடுகளில் 9க்கு 13 என்றாலே கண்ணாடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கார்னிங் கம்பெனி 1915ல் பைரெக்ஸ் என்ற ஓவன் கண்ணாடிப் பாத்திரத்தைக் கடைகளுக்குக் கொண்டுவந்தபோது அது போரோசிலிகேட் கண்ணாடி, சூட்டில் அதிகம் விரியாத வகை. இன்று அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பைரெக்ஸ் சோடா லைம் கண்ணாடி. அதை டெம்பர் செய்து பலப்படுத்தியிருக்கிறார்கள், கைதவறி இடிபட்டால் நன்றாகத் தாங்கும். ஆனால் சூடுபட்டால் இது போரோசிலிகேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். குளிர்ந்த கண்ணாடியின் ஒரு பக்கம் சட்டென்று சூடாகி விரிய, மறுபக்கம் விரியாமல் நின்றால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. அதனால்தான் பைரெக்ஸோடு வரும் குறிப்பிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்: ஓவன் முழுசாகச் சூடான பிறகுதான் பாத்திரத்தை உள்ளே வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் இருந்த பாத்திரம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஓவனுக்குப் போக வேண்டும், பிராய்லருக்கு, அதாவது மேலிருந்து நேரடியாக அனல் அடிக்கும் கம்பிக்கு, அடியில் வைக்கவே கூடாது.

இந்த இரண்டாவது விதியைத்தான் பெரும்பாலோர் படிப்பதில்லை. நான் ராத்திரி ஒன்பது மணிக்கு அடுக்கி வைக்கும் கலவை மட்டும் இரண்டு கிலோ தேறும். அதைத் தாங்குகிற கண்ணாடியும் நல்ல கனம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த அந்தப் பாரம் அறைச் சூட்டுக்கு வர முக்கால் மணி நேரமெல்லாம் போதாது. ஓவனைச் சூடாக்காமல் பாத்திரத்தை உள்ளே வைத்து இரண்டையும் சேர்த்துச் சூடாக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அதையும் அந்தக் குறிப்பு தடுக்கிறது: ஓவன் சூடேறும் நேரத்தில்தான் அதன் கம்பிகள் செக்கச்செவேல் என்று காய்ந்து பாத்திரத்தின் மேல் நேரடியாக அனல் அடிக்கும். ஆக, கண்ணாடியில் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் விடியற்காலை எழுந்து, எடுத்து வெளியே வைத்து, காத்திருந்து, அப்புறம் சுட வேண்டும். காலை வேலையைக் குறைக்கத்தானே ராத்திரியே செய்து வைத்தோம்?

அலுமினியத்துக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்து எடு, மூடியைக் கழற்று, ஃபாயில் போடு, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் காய்ந்திருக்கும் ஓவனில் வை. அவ்வளவுதான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், என் பெண் பள்ளியின் நார்டிக் ஸ்கீ அணியில் இருக்கிறாள். பனிக்காலத்தில் சனிக்கிழமை போட்டி என்றால் இருட்டோடு பஸ் கிளம்பிவிடும். வெளியே மைனஸ் 20 செல்சியஸ் சர்வ சாதாரணம். பெற்றோர் முறை வைத்துக் காலைச் சாப்பாடு கொண்டுபோவோம். வெறும் டோனட் தின்றுவிட்டு அந்தக் குளிரில் பனிச்சறுக்கில் ஐந்து கிலோமீட்டர் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. முட்டையும் கறியும் வயிற்றில் இருந்தால் மதியம்வரை நிற்கும். ஐந்து மணிக்கு எழுந்தால், ஓவனைத் தட்டிவிட்டு நான் குளித்துக் கிளம்புவதற்குள் ட்ரே தயாராகிவிட வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம் கண்ணாடியின் குளிர் போகட்டும் என்று காத்துக்கொண்டிருக்க அந்தக் காலை நேரத்தில் இடமே இல்லை.

ஸ்கீ அணி இல்லாவிட்டாலும் இந்த ஊரில் எக் பேக்குக்குக் காரணம் குறையாது. கிறிஸ்துமஸ் காலை, ஈஸ்டர், மே மாதம் மீன்பிடி சீசன் தொடங்கும் வாரம், நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் வாரம் என்று வரிசையாக வரும். ஏரிக்கரை வீட்டுக்குப் போகிறவர்கள் ட்ரேயை மூடிக் கூலரில் ஐஸோடு வைத்துக் கொண்டுபோவார்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்ததும் பக்கத்து வீட்டு ஸ்வீடிஷ் வம்சாவளிப் பாட்டிதான்.

ட்ரேயைப் பற்றி. அலுமினியம், மேலே எந்தப் பூச்சும் கிடையாது. விளிம்புக்குள் எஃகுக் கம்பி கொடுத்து மடித்திருக்கிறார்கள், அதனால் இரண்டு கிலோ பாரத்தோடு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாலும் முறுக்கிக்கொள்வதில்லை. கடையில் கிடைக்கும் ஒருமுறை தூக்கிப்போடும் ஃபாயில் ட்ரேக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். அவற்றை அடியில் ஒரு தட்டு வைக்காமல் தூக்கினால் நடுவில் மடிந்து முட்டைக் கலவை கொட்டிவிடும். நிறம் வெள்ளி மாதிரி வெளிறியே இருக்கும். கறுப்பு நிற ட்ரேக்கள் அனலை அதிகம் இழுத்து அடிப்பாகத்தைச் சீக்கிரம் கருக்கிவிடும். இதில் அடி பொன்னிறத்தோடு நிற்கிறது.

சூடு கடத்துவதில் அலுமினியம் கண்ணாடியைவிட ஏறக்குறைய 200 மடங்கு. முட்டைக்கு இது ரொம்பவே உதவுகிறது. கண்ணாடி மெதுவாகச் சூடாகும், சூடான பிறகு விடாது. ஓவனை விட்டு வெளியே வந்த பிறகும் ஓரத்தில் இருக்கும் முட்டை வெந்துகொண்டே இருக்கும். நடு வேகட்டும் என்று பார்த்தால் ஓரம் ரப்பர் ஆகிவிடுகிறது. முட்டையின் புரதம் அளவுக்கு மேல் வெந்தால் இறுகி, தான் பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். தட்டில் வைத்த துண்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, பாதி நேரம் காரணம் அதுதான். அலுமினியம் சொன்ன நேரத்தில் சூடாகிறது, வெளியே எடுத்ததும் சீக்கிரம் ஆறுகிறது. ஓரத் துண்டும் நடுத் துண்டும் ஏறக்குறைய ஒரே பதத்தில் கிடைக்கின்றன.

மீதிப் பாதி நேரம் காரணம் காய்கறித் தண்ணீர். அதற்கு எந்தப் பாத்திரமும் பொறுப்பாகாது. காளான், பசலைக்கீரை, சுக்கினி எதுவானாலும் முதலில் வாணலியில் வதக்கித் தண்ணீர் சுண்ட வேண்டும், அப்புறம் ஆற வேண்டும், அதற்கு அப்புறம்தான் ட்ரே. உறைந்த ஹேஷ் பிரவுன் (துருவிய உருளைக்கிழங்கு) போடுகிறவர்கள் உருக வைத்து, துணியில் கட்டி, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழியுங்கள். வெளிறிய தண்ணீர் எவ்வளவு வருகிறது பாருங்கள். வீட்டில் பச்சை உருளைக்கிழங்கைத் துருவிப் போட வேண்டாம். ராத்திரி முழுக்க இருந்தால் சாம்பல் நிறமாகிவிடும். உறைந்த பாக்கெட்டில் வருவது ஏற்கெனவே லேசாக வேக வைத்தது என்பதால் நிறம் மாறாது.

நான் இந்த ட்ரேக்குப் போடும் அளவு: பத்து முட்டை, இரண்டரை கப் முழுப் பால், முக்கால் பவுண்ட் பழைய பிரெட், ஒரு பவுண்ட் சாசேஜ், அரை பவுண்ட் செடார் சீஸ். 2 இஞ்ச் ஆழத்துக்கு இது கச்சிதம். வேகும்போது உப்பி மேலே வர இடம் மிச்சம் இருக்கிறது. பன்னிரண்டு முட்டைக்கு மேல் போகாதீர்கள். அணியில் பன்றிக்கறி சாப்பிடாத பிள்ளைகள் இருப்பதால் சிக்கன் சாசேஜ்தான். அதில் கொழுப்பு கம்மி, ருசிக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, அந்த எண்ணெயிலேயே சாசேஜை உதிர்த்து முழுசாக வேக வைப்பேன். கடைசியில் ஒரு கை மிளகுத்தூள். அணிக்கு என்றால் மிளகாயைக் குறைப்பேன், வீட்டுக்கு என்றால் இல்லை. சீஸைக் கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது. துருவியே விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள், அது ஒழுங்காக உருகிச் சேராது.

பிரெட் விஷயத்தில் நான் கண்டிப்பு. சாண்ட்விச் பிரெட் வேண்டவே வேண்டாம், விடிவதற்குள் கூழாகிவிடும். ஒரு நாள் பழசான சவர்டோ (புளித்த மாவு பிரெட்) அல்லது பிரெஞ்சு பிரெட்டைக் கையால் பிய்த்துப் போடுங்கள். கத்தியால் வெட்டிய சதுரத்தைவிடப் பிய்த்த துண்டின் கரடுமுரடான பக்கம் பாலை நன்றாக இழுக்கும். பிரெட், கறி, சீஸ் என்று இரண்டு அடுக்கு. மேலே முட்டையும் பாலும் அடித்து ஊற்றியதும் பிரெட் மிதக்கும். அப்போது உள்ளங்கையை விரித்து ட்ரே முழுக்க மெதுவாக அழுத்த வேண்டும். விரல் இடுக்குகளில் பால் மேலேறி வரும், குமிழி விடும், கையை எடுத்ததும் துண்டுகள் கொஞ்சம் மேலே எழும்பிப் பாலை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கும். இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு தடவை அழுத்துங்கள். மேலே காய்ந்த முனை எதுவும் தெரியக் கூடாது. இந்த ஊறல்தான் ராத்திரியே செய்து வைப்பதன் முழுப் பலனும். காலையில் அவசரமாகக் கலந்து சுட்டால் பிரெட்டின் நடுவில் வறண்ட வெள்ளை அப்படியே இருக்கும்.

இனி இந்த ட்ரேக்கென்று ஒரு முக்கியமான வேலை. பூச்சில்லாத அலுமினியம் என்பதால் முட்டை ஒட்டும். புளிப்போ உப்போ ராத்திரி முழுக்க அதன்மேல் நின்றால் உலோகம் லேசாக அரிக்கும், முட்டையின் அடியில் சாம்பல் நிறம் ஏறும், நாக்கில் ஒரு உலோக வாடை தட்டும். அலுமினியத்தின் இயல்பு இது, எந்தக் கம்பெனி செய்தாலும் மாறாது. அதனால் பார்ச்மென்ட் பேப்பர் (ஓவன் சூடு தாங்கும் ஒட்டாத காகிதம்) போடாமல் நான் தொடங்குவதே இல்லை. முதலில் ட்ரேயில் நாலு புள்ளி வெண்ணெய், பேப்பர் நகராமல் இருக்க. மூலைகளில் கத்தரியால் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று மடித்து உட்கார வையுங்கள். நீளவாட்டில் இரண்டு பக்கமும் விளிம்பு வரை மட்டும் வரட்டும்; வெளியே நீட்டினால் மூடி சரியாக உட்காராது. வெந்து பத்து நிமிடம் ஆறிய பிறகு பேப்பரின் இரண்டு முனையையும் பிடித்தால் மொத்தமும் ஒரே பலகையாக வெளியே வரும். வெட்டும் பலகையில் வைத்துக் கூர்க்கத்தியால் சதுரம் போடலாம். ட்ரேயில் கீறல் விழாது, கழுவும் வேலையும் பாதி குறையும். தக்காளியோ சல்சாவோ போட ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் பரிமாறும்போது மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

சுடும் முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஃபாயில் மூடி அரை மணி நேரம், எடுத்துவிட்டு இன்னொரு இருபது, இருபத்தைந்து நிமிடம். ட்ரேயை லேசாக ஆட்டிப் பார்த்தால் ஓரம் அசையாமல் நடு மட்டும் ஜெல்லி போலத் தளும்ப வேண்டும். கத்தியைக் குத்திப் பார்ப்பதைவிட தெர்மாமீட்டர் மேல். நடுவில் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் காட்டினால் முட்டை உணவுக்கு அமெரிக்க அரசு சொல்லும் பாதுகாப்பான சூடு வந்துவிட்டது. அதற்கு மேல் விட வேண்டாம்.

பாதுகாப்பு என்றதும் என் மாமியார் நினைவுக்கு வருகிறார். திருநெல்வேலியில் இருந்து வந்திருந்தபோது நான் ராத்திரி முட்டை அடித்து ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏம்மா, ஒடைச்ச முட்டைய ராத்திரி பூரா வச்சிருந்து காலைல புள்ளைகளுக்குக் குடுக்கவா? வயித்துக்கு ஆகுமா?” என்றார்.

“ஃப்ரிட்ஜ்லதான் அத்தை இருக்கும். வெளிய வைக்க மாட்டேன்.”

“கறியும் பச்சையாவா போடுத?”

“இல்ல அத்தை, முழுசா வெந்தது. ஆற வச்சுத்தான் போடுறேன்.”

அவர் கேட்ட இரண்டு கேள்வியும் சரியான கேள்விகள். எக் பேக் செய்கிற எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டியவை. ஃப்ரிட்ஜ் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 4 செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். கலந்த ட்ரேயை மேடையில் மறந்து வைக்காமல் உடனே உள்ளே வைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சுட்டுவிட வேண்டும். கறியை அரை வேக்காட்டில் போடவே கூடாது. பாதி வெந்து ஃப்ரிட்ஜில் உட்காரும் கறிதான் மிக ஆபத்தானது. சூடான கறியையும் அப்படியே முட்டைமேல் கொட்டாதீர்கள். மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் வரும். மறுபடி சூடாக்கும்போது 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ் தொட வேண்டும். அத்தை காலையில் ஓரத்துண்டாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கூட இட்லிப்பொடி வைத்துக்கொண்டு.

பிரெட் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு நான் காட்டரிசியில் செய்வேன், வைல்டு ரைஸ். இது நம் அரிசி இனம் அல்ல. இங்கே ஏரிகளில் தானாக விளையும் ஒரு புல்லின் தானியம். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் படகில் போய்க் கோலால் தட்டி அறுவடை செய்வார்கள். 1977ல் மினசோட்டாவின் மாநிலத் தானியமாக அறிவித்தார்கள். கறுத்த நீள மணி, வெந்தால் வெடித்து உள்ளே வெள்ளை தெரியும், மெல்ல மெல்லப் பருப்புக் கொட்டை வாசம். வேக வைத்து வடித்து மூன்று கப் எடுத்து பிரெட்டுக்குப் பதில் போட்டு, பாலை ஒன்றரைக் கப்பாகக் குறைத்துவிடுங்கள். அரிசி பிரெட் அளவுக்குப் பால் குடிக்காது. காளானோடு இது அவ்வளவு நன்றாகச் சேரும். இதை முட்டைப் பதார்த்தங்களிலேயே சிறந்தது என்று நான் யாரிடமும் சொல்வேன்.

மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி வைப்பதற்கு மூடி இல்லாத ட்ரே பாதி உபயோகம்தான். ஃபாயில் மட்டும் போட்டால் அதன்மேல் பால் பாக்கெட்டை வைக்க முடியாது, ஃப்ரிட்ஜின் பூண்டு வாசம் உள்ளே இறங்கும். இதற்கு முன் என்னிடம் இருந்த வேறொரு கம்பெனியின் கண்ணாடிப் பாத்திரத்துக்கு வந்த மூடி, ஃப்ரிட்ஜ் குளிரில் விறைத்து ஒரு மூலையில் விண்டுவிட்டது. தனியாக மூடி மட்டும் வாங்க வழியில்லை. இதன் மூடி விளிம்பைக் கவ்வி உட்காருகிறது, மேலே ஒரு டப்பா வைக்கலாம். ஓவனுக்குப் போகாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ட்ரே சூடாக இருக்கும்போதும் போடக் கூடாது. ஸ்டீல் ட்ரேயில் உப்புச் சாப்பாட்டை வைத்து ராத்திரி ஃபாயில் மூடினால் காலையில் ஃபாயிலில் ஊசித்துளைகள் விழுந்திருக்கும், இரண்டு வேறு உலோகமும் உப்பும் ஈரமும் சேர்ந்து மின்கலம் மாதிரி வேலை செய்வதால். இதில் அந்தத் தொல்லையும் இல்லை.

குறைகள் உண்டு. மைக்ரோவேவில் வைக்க முடியாது, எனவே மிச்சத்தைச் சூடாக்க வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். அடிப்பாகம் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடியில் போலத் தூக்கிப் பார்க்க முடியாது. டிஷ்வாஷரில் போட்டால் சாம்பல் பூத்துக் கறுத்துவிடும். கையால் கழுவச் சொல்லித்தான் கம்பெனியே சொல்கிறது. சீக்கிரம் சூடாகிறது என்று மேலே புகழ்ந்தேனே, அதே காரணத்தால் சீக்கிரம் ஆறியும் போகும். விருந்து மேசையில் ஒரு மணி நேரம் சூடாக நிற்க வேண்டும் என்றால் கண்ணாடியோ பீங்கானோதான் சரி. நான் ஓவனில் இருந்து எடுத்ததும் மேலே ஃபாயில், சுற்றிலும் இரண்டு கனத்த டவல், அதைச் சூடு தாங்கும் பையில் வைத்துக் காரில் ஏற்றுவேன். வண்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை ஆவி பறக்கும். விலையும் சாதாரணக் கண்ணாடிப் பாத்திரத்தைவிடக் கூடுதல். ஆனால் உடையாது, ஆயுசுக்கும் வரும்.

இது எங்கள் ஊர்ச் சாமான் என்பதிலும் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். மினியாபொலிஸ் ஒட்டியிருக்கும் செயின்ட் லூயிஸ் பார்க்கில் 1946ல் டேவிட் டால்கிஸ்ட், டாரதி தம்பதி தொடங்கிய குடும்பக் கம்பெனி. நடுவில் ஓட்டையோடு வரும் பண்ட் கேக் அச்சை, ஹடாசா என்ற யூதப் பெண்கள் சங்கத்தினர் கேட்டதற்காக 1950ல் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். 1966ல் பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனி நடத்திய பேக்கிங் போட்டியில் ஒரு சாக்லேட் பண்ட் கேக் இரண்டாம் பரிசு வாங்கியதும் நாடு முழுக்க அந்த அச்சுக்கு அடிதடி. கம்பெனி வளாகத்தில் ஒரு பழைய கான்கிரீட் தானியக் கோபுரம் நெடுஞ்சாலையில் இருந்தே தெரியும். அமெரிக்காவில் வட்ட வடிவில் கான்கிரீட்டில் கட்டிய முதல் தானியக் கோபுரம் அது. 1899ல் கட்டத் தொடங்கியது.

அந்த வளாகத்துக்குப் பக்கத்திலேயே கம்பெனியின் சொந்தக் கடை இருக்கிறது. இரட்டை நகரங்களில் (மினியாபொலிஸ், செயின்ட் பால்) இருப்பவர்கள் நேரில் போய்க் கையில் எடுத்து விளிம்பைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மற்றவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும். இதே 9க்கு 13 அளவில் மூடி இல்லாமலும் விற்கிறார்கள், படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மூடியோடு வருவதுதானா என்று பார்த்து எடுங்கள். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று கறியோடு, ஒன்று காளானோடு.